சந்தை லேகியம் மண்ணுக்குள் போயிற்று

என்னங்க, சோறு மூடி வைத்திருக்கிறேன். குழம்பில் காரமில்லை, உங்கள் ஈறு தாங்காது. நான் பாலக்கோட்டுக்கு, பிறந்த வீட்டுக்கு, அத்தாவிடம் போகிறேன்.

அந்த ஆண்மை லேகியத்தைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டேன், கோழி கொத்திவிடக் கூடாதே. அதில் பாதரசம் இருக்கிறது, ஈறு வீங்குவதும் கை நடுங்குவதும் அதனால்தான் என்று டாக்டர் சொன்னாலும், "நாலு புள்ள பெத்த டாக்டருக்கு நம்ம கஷ்டம் என்னடி தெரியும்" என்கிறீர்கள். புளியைக்கூட மென்று பார்த்துப் பேரம் பேசுகிறவர், இதை மட்டும் வெட்கப்பட்டு, என்ன போட்டிருக்கிறான் என்றே கேட்காமல் சொன்ன விலைக்கு வாங்குகிறீர்கள்.

பிள்ளையில்லை என்று நான் ஒரு நாளாவது குறை சொன்னேனா?

ஜுபைதா

வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டு ஜான் பீயிடம் கொடுங்கள்.

காரிமங்கலம் சந்தையில் அந்த லேகியத்தை மறுபடி வாங்கத்தான் போகிறீர்கள். முதலில் விற்கிறவனை ஒரு உருண்டை விழுங்கச் சொல்லுங்கள். அவன் விழுங்க மாட்டான். நீங்கள் விழுங்குவீர்கள்.