பையைக் கழற்றாத பிள்ளை

அனுப்புநர்
யோ. அஞ்சலின்,
இடைநிலை ஆசிரியை (ஓய்வு),
சர்ச் தெரு, மேலக்கொழிஞ்சி,
கடம்பூர் வழி, தூத்துக்குடி மாவட்டம்.

பெறுநர்
வட்டாரக் கல்வி அலுவலர் அவர்கள்,
கொழிஞ்சிப்பட்டி வட்டாரம்.

பொருள்: மேலக்கொழிஞ்சி தொடக்கப் பள்ளி – ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளின் தாய்மார் தொடக்க நாட்களில் வகுப்பறையில் உடனிருக்க அனுமதி – மாணவி ம. சந்தனமாரி பள்ளிக்கு வராமல் நின்றது – நடவடிக்கை வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் முன்னர் நான் அளித்த இரு மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

“டீச்சர், வாரேன்னா போறதா?” என்று கடந்த ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒருத்தி என்னிடம் கேட்டாள். என் பணிக்காலம் முழுவதும் ஒன்றாம் வகுப்பிலேயே கழிந்தது. பிள்ளைகள் எதைக் கேட்டாலும் ஏதாவது ஒரு பதில் சொல்லிப் பழகியவள் நான். இந்தக் கேள்வியை மட்டும் தங்களிடம் கொண்டு வருகிறேன். அந்தக் குழந்தையின் பொருட்டே இம்மனுவைத் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன்.

அவள் பெயர் சந்தனமாரி. தந்தை மாயகிருஷ்ணன் ஆடு மேய்ப்பவர். பெரும்பாலும் கிடையோடு காட்டிலேயே தங்கிவிடுவார். தாய் வள்ளிமயில் கோவில்பட்டிப் பக்கம் ஆபீசுக்குப் போகிறவர். வெளி மாவட்டத்திலிருந்து மாறுதலில் வந்த நம் தலைமை ஆசிரியை, “பிள்ளைக்காக ஒரு மணி நேரம் பர்மிஷன் போடக் கூடாதாம்மா?” என்று அவரிடம் கேட்டுவிட்டார். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலைக்குத்தான் ஆபீஸ் என்று பெயர். வள்ளிமயில் சிரித்துக்கொண்டே, “அங்கன பர்மிஷன் எல்லாம் கிடையாது டீச்சர். வேன்காரன் ஆரன் அடிச்சா ஓடணும். அம்புட்டுதான்” என்றார்.

ஓய்வு பெற்ற பின்னும் ஜூன் மாதத்தில் புதிய பிள்ளைகளோடு போய் உட்கார்ந்திருப்பது என் வழக்கம். தலைமை ஆசிரியையின் சம்மதத்துடன்தான் போவேன். மூன்று வகுப்புகளை ஒரே அறையில் வைத்துப் பார்க்கும் அவருக்கும் அது ஓர் உதவியாக இருந்தது.

பள்ளி திறந்த அன்று வள்ளிமயில் மகளை வகுப்பு வாசலில் விட்டு, “வாரேன், என்னா” என்று சொல்லி வேனுக்கு ஓடினார். மற்றப் பிள்ளைகள் அழுதார்கள், புரண்டார்கள். சந்தனமாரி அழவில்லை. முதுகில் மாட்டிய பையோடு, கதவைப் பார்த்தபடி பாயில் உட்கார்ந்தாள். தலைமை ஆசிரியை மனம் குளிர்ந்து, “பாருங்க டீச்சர், ஒரு சத்தம் உண்டா? தங்கம். மத்ததெல்லாம் ஊரையே கூட்டுது” என்றார்.

காலைச் சிற்றுண்டிக்கு அவள் எழவில்லை. மதியம் முட்டை கொடுத்தபோதும் எழவில்லை. ஒன்றுக்குப் போக எழாததால் பாய் நனைந்தது. பக்கத்துப் பிள்ளை, “ஏட்டி, இங்கன ஓடை ஓடுது பாருங்கட்டி!” என்று கூவ, வகுப்பே சிரித்தது. நான் அழைத்துப் போய்க் கழுவிவிட்டேன். அப்போதும் பையைக் கழற்ற விடவில்லை.

“ஏன் மக்கா பையைக் கழத்த மாட்டேங்குத?” என்று கேட்டேன்.

“எங்கம்மா வாரேன்னு சொல்லிருக்கா. வந்ததும் போணும்லா” என்றாள்.

ஐயா, நம்மில் யாரும் வீட்டை விட்டுக் கிளம்பும்போது ‘போகிறேன்’ என்று சொல்வதில்லை. அது அமங்கலம். ‘வாரேன்’ என்றுதான் சொல்வோம். கேட்பவருக்கும் அது விடைபெறுதல் என்று தெரியும். பேருந்து நிலையத்தில் கண்டக்டர், “இந்தா வண்டி எடுத்துருவோம்” என்றால் நாம் அதை நம்பி உட்கார்ந்திருப்பதில்லை, இறங்கித் தேநீர் குடித்துவிட்டு வருகிறோம். சொல்லின் பொருள் வேறு, வழக்கம் வேறு என்பதை வளர்ந்தவர்கள் அறிவோம். ஐந்து வயதுக் குழந்தைக்கு வாரேன் என்றால் வருகிறேன்தான். அதற்கு மேல், அவள் வாசலைப் பார்க்கும்போதெல்லாம் தலைமை ஆசிரியையும் சத்துணவு அம்மாவும், “இந்தா இப்ப வந்துரும்” என்று ஆறுதல் சொன்னார்கள். அன்பினால் சொன்னதுதான். ஆனால் பள்ளிக்கூடத்தில் சொல்லப்படும் எதையும் நம்பக் கூடாது என்பதை அவள் முதல் பாடமாகக் கற்றாள்.

அன்று மாலை வள்ளிமயிலைப் பார்த்து இதைச் சொன்னேன். அவர் பதறிப்போனார். “போறேன்னு எப்படி டீச்சர் சொல்ல? காலங்காத்தால பெத்த புள்ளகிட்ட சொல்லுத வார்த்தையா அது?” போறேன் என்று சொல்ல வேண்டாம், எப்போது வருவீர்கள் என்பதைப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள் என்றேன். ஐந்து வயதுக்கு மணி தெரியாது. சோறு தெரியும், தூக்கம் தெரியும். இருவருமாகப் பேசி ஒரு வாக்கியத்தை முடிவு செய்தோம்: “சோறு தின்னு, தூங்கி எந்திச்சு, மூஞ்சி கழுவுனதும் அம்மா வாசல்ல நிப்பேன்.” ஆபீசில் வேறு ஆளைத் தம் இடத்தில் உட்காரவைத்து, வள்ளிமயில் சில நாட்கள் காலையில் வகுப்பிலேயே மகளின் பக்கத்தில் இருந்தார். பின்பு அந்த வாக்கியத்தைச் சொல்லிப் போனார். சொன்னபடி மாலையில் வாசலில் நின்றார். மறுநாள் குழந்தை சோறு தின்றாள். அதற்கடுத்த நாள் பையைக் கழற்றி ஆணியில் தானே மாட்டினாள். அதைப் பார்த்து நான் அடைந்த மகிழ்ச்சியை இங்கு எழுதுவது முறையாகாது.

அந்த வாரமே சுற்றறிக்கை வந்தது. முதல் மணிக்குப் பின் பெற்றோரோ வெளியாட்களோ வளாகத்துக்குள் இருக்கக் கூடாது, வாயிற்கதவு பூட்டப்பட வேண்டும் என்று அதில் இருந்தது. பிள்ளைகளின் பாதுகாப்புக்காகப் போட்டது என்பதை அறிவேன், குறை சொல்லவில்லை. வெளியாள் என்ற சொல்லில் நானும் அடங்கினேன். தலைமை ஆசிரியை கண் கலங்கி, “நான் என்ன செய்யட்டும் டீச்சர்? மேலேருந்து வாட்ஸ்அப்ல வந்திருக்கு. ஒரு ஆள் உள்ள நின்னாலும் என்னையத்தான் கேப்பாங்க” என்றார். அவர் சொன்னதும் உண்மை.

மறுநாள் காலை மகள் சேலையைப் பிடித்திருக்க, கேட் இருவருக்கும் நடுவில் சாத்தப்பட்டது. வேன் ஆரன் அடித்தது. வள்ளிமயிலுக்கு எங்கள் வாக்கியம் வாயில் வரவில்லை. பழக்கம்தான் வந்தது. “இந்தா வாரேன் தாயி, இந்தா வாரேன்” என்று சொல்லிக்கொண்டே ஓடினார். நான் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தேன்.

அன்று மதியம் சந்தனமாரி பின்பக்க வேலியின் இடுக்கு வழியே வெளியேறிவிட்டாள். கடம்பூர் சாலையில், வேன் போன திசையில், பையோடு நடந்து போய்க்கொண்டிருந்தவளை ஆட்டோக்காரர் ஒருவர் அடையாளம் கண்டு தந்தையிடம் சேர்த்தார். லாரிகள் ஓடும் சாலை அது. மாயகிருஷ்ணன் பள்ளி வாசலில் வந்து நின்று சத்தம் போடவில்லை. “பூட்டி வச்சும் புள்ள ரோட்டுலதான் கெடந்தா. இனி எங்கூடக் கெடக்கட்டும். ஆட்டுக்குட்டி பாத்தாவது சிரிப்பா” என்று மட்டும் சொல்லிப் போனார். அன்று முதல் அவள் கிடையோடு இருக்கிறாள். அந்த இடுக்கை மறுநாளே முள் வைத்து அடைத்துவிட்டார்கள். நடந்ததற்குப் பள்ளி எடுத்த நடவடிக்கை அவ்வளவே.

புரட்டாசியில் மழை கண்டு கரிசலில் விதைக்கத் தொடங்கினால் இங்கே ஆடு நிற்க இடமிராது. கிடை தெற்கே ஆற்றுப் பாசனப் பக்கம் போய்விடும். குழந்தையும் கூடப் போவாள். திரும்பி வரும்போது கல்வியாண்டு முடிந்திருக்கும். இப்போது அவளைக் காட்டில் போய்ப் பார்த்து வருகிறேன். என்னிடம் நன்றாகப் பேசுகிறாள். பள்ளி என்ற பேச்சை எடுத்தால் மட்டும் தந்தையின் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறாள். வள்ளிமயிலோ, “நான் சொன்ன சொல்லுதான டீச்சர்” என்பதைத் தவிர வேறெதுவும் சொல்வதில்லை.

எனவே நான் கேட்பது பெரிதொன்றும் இல்லை. ஒன்றாம் வகுப்புக்கு மட்டும், பிள்ளை தானாகப் பையைக் கழற்றும் வரை, தாயோ தந்தையோ பாட்டனோ யாராவது ஒருவர் உடனிருக்க அனுமதி வேண்டும். எத்தனை நாள் என்பதை அந்தப் பிள்ளையே காட்டிவிடும். அந்த வகுப்பின் கதவு திறந்திருக்கட்டும். கேட்டைப் பூட்டுவதானால் பூட்டட்டும். கேட்டுக்கு உள்பக்கம் தாய்க்கும் ஓர் இடம் இருக்கட்டும். சந்தனமாரியைப் பொறுத்தவரை, கிடை நகர்வதற்கு முன் தாங்கள் ஒருமுறை மாயகிருஷ்ணனை நேரில் அழைத்து, வள்ளிமயில் வகுப்பில் உட்காரலாம் என்று சொன்னால் போதும். நான் சொன்னால் அவர் நம்பப் போவதில்லை. நான் வெளியாள் என்பது அவருக்கும் தெரிந்துவிட்டது.

பார்வையில் கண்ட முதல் மனுவுக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு, “தங்கள் கோரிக்கை உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டது” என ஒரு வரி வந்தது. உரிய பிரிவு எது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மூன்றாவதும் அங்கேயே போய்ச் சேரும் என்றே நினைக்கிறேன். மழைக்கு முன் பதில் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. அடுத்த ஜூனிலும் பிள்ளைகள் வருவார்கள்.

அனுமதி தர இயலாவிட்டாலும் இது ஒன்றையாவது செய்து பார்க்க வேண்டுகிறேன்: அடுத்த முறை பள்ளிப் பார்வைக்கு வரும்போது, கைப்பேசியைத் தலைமை ஆசிரியையிடம் கொடுத்துவிட்டு, ஒன்றாம் வகுப்பின் பாயில் உட்கார்ந்து, கதவை வெளியிலிருந்து சாத்தச் சொல்லி, யாராவது வந்து திறக்கும்வரை காத்திருந்து பாருங்கள்.

இடம்: மேலக்கொழிஞ்சி
நாள்: 18.08.2025

தங்கள் உண்மையுள்ள,
யோ. அஞ்சலின்