பன்னிரண்டாவது முட்டை

நவம்பர் 5

இருபத்திநான்கு முட்டைகளையும் டோர்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். அடை வைத்து மூன்று நாளாயிற்று, ஒன்றிலாவது சிவப்பாக ஒரு நரம்பு ஓடியிருக்க வேண்டாமா? முட்டை வாங்கின ஓட்டமாவடி ஜிப்ரி கடைக்கு போன் எடுத்துக் கேட்டேன். மனுசன் சிரித்த சிரிப்பு! "மிஸ், நம்மட பண்ணைக் கோழி சேவலக் கண்ணாலயும் கண்டதில்ல." உயிரியலில் பட்டம் வாங்கின இந்தச் சார்மெயினுக்கு இது கடைக்காரர் சொல்லித்தான் தெரிய வேண்டியிருந்தது.

மூளைக்கட்டி எப்படி வளருது, எப்படிப் பரவுது என்று பார்க்க மற்ற இடங்களில் எலி வைத்திருக்கிறார்கள். எங்கள் ஆய்வுகூடத்தில் எலி என்றால் கூரைக்குள் ஓடுகிறதுதான். அதனால் ஆய்வை நடத்துகிற ஜெயந்தன் சேர் கோழி முட்டையைப் பிடித்தார். ஏழு நாள் அடை வைத்து, ஓட்டில் சின்ன ஜன்னல் வெட்டி, உள்ளே இரத்தக்குழாய் ஓடுகிற சவ்வில் மனிதக் கட்டியின் உயிர்க்கலங்களை வைக்க வேண்டும். பிடித்தால் அங்கேயே கட்டி வளரும். பதினான்காம் நாள் நிறுத்திவிடுவோம், குஞ்சுக்கு நோவு தெரியத் தொடங்க முதல்.

டிசம்பர் 16 மதிப்பீட்டுக் குழு வருகிறது. அதற்குள் ஒரு கட்டியாவது வளராவிட்டால் ஆய்வு மூடல். நான் பழையபடி டியூஷன் வகுப்பில் தவளையின் இதயத்துக்கு அறை எத்தனை என்று கத்த வேண்டியதுதான்.

நவம்பர் 9

கரடியனாறு. கூட வேலை செய்கிற அஜந்தா காட்டிவிட்ட வீடு, வயல் வட்டைக் கரையில். அன்னப்பூரணி அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். பதினாலு நாட்டுக்கோழி, இரண்டு சேவல். சேவல்களை நான் பார்த்த பார்வையில் அக்கா சிரித்துவிட்டார்.

"குஞ்சு பொரிக்க வைக்கவா புள்ள?"

"ஓம் அக்கா."

ஏன் அப்படிச் சொன்னேன்? சும்மா வாயில் வந்துவிட்டது. அக்கா இருபத்திநான்கு முட்டையை உமிக்குள் புதைத்துத் தந்தார். எத்தனை சேவல், எத்தனை பேடு என்று மறுகா வந்து சொல்ல வேணுமாம்.

நவம்பர் 20

எல்லாவற்றிலும் உயிர் இருந்தது. ஜன்னலும் வெட்டினேன். மறுகா பூஞ்சணம். ஒன்றும் மிஞ்சவில்லை.

நவம்பர் 29

கடைசித் தரம். அன்னக்கா அயல் வீடுகளிலும் சேர்த்துப் பத்து நாளாக எடுத்துவைத்த முப்பது முட்டை. போன தரம் எத்தனை பொரிச்சது என்று கேட்டார். இன்னும் பார்க்கவில்லை என்று புறுபுறுத்துவிட்டு பஸ் ஏறினேன். டவுனுக்கு வரும்போது ஆய்வுகூடம் பூட்டியாச்சு. முட்டைகள் வீட்டில் சாப்பாட்டு மேசையில் இருக்கின்றன. ஒரு இரவு தாங்கும்.

நவம்பர் 30

நான் குளித்துவிட்டு வருவதற்குள் டடாவின் தங்கச்சி நோறா அன்ரி கிறிஸ்மஸ் லவ் கேக் போட வந்திருந்தார். முப்பது முட்டையும் உடைச்சாச்சு. பெற்ற தகப்பன் டடாவும் கோப்பையை மடியில் வைத்து மஞ்சள் கருவை அடித்துக்கொண்டிருக்கிறார். "நாட்டு முட்டை சார்மெயின், நிறத்தப் பார்!" என்று அன்ரிக்குப் பூரிப்பு.

நான் கத்தினேன். அழுதேன். மேசையில வச்சது ஆர்? நான்தானே. விசரி, விசரி.

கேக் நல்லா வந்திருக்காம். நான் தொடவில்லை.

டிசம்பர் 1

பூசைக்குப் போகவில்லை. டடா விடியவே சூடு காக்கிற ரெஜிபோம் பெட்டி ஒன்றும் சுடுதண்ணிப் போத்தல் நாலும் எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணி வைத்திருந்தார். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை. வெல்டிங் வேலைக்காரன், கையால்தான் பேசுவார்.

கோழி ஒரு நாளில் முப்பது போடுமா? அன்னக்காவிடம் புதிதாக இருந்தது நாலு. ஆனால் குசினி மூலையில் ஒரு கறுத்தப் பேடு அடை கிடந்தது. கீழே பன்னிரண்டு முட்டை, இன்றைக்கு ஆறாம் நாள். எனக்குத் தேவையானதே அதுதான்! அந்தக் குஞ்சுகளை அக்கா பக்கத்து வீட்டுக்குச் சொல்லி வைத்திருந்தாராம்.

அந்த இடத்தில் மறுபடி பொய் சொல்ல எனக்கு ஏலாமப் போயிற்று. எல்லாவற்றையும் சொன்னேன். குஞ்சு வராது, வர விடமாட்டம் என்றும் சொன்னேன். டடா வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப போன தரம் இருவத்திநாலும்?"

"ஓம் அக்கா."

"உள்ளதச் சொல்லிக் கேட்டிருந்தா அண்டைக்கே தந்திருப்பன் புள்ள. நான் குஞ்செண்டு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சன்."

வெட்கத்தில் செத்துப்போனேன். பிறகு அவர் கேட்டார், தலைக்குள்ள வாற கட்டி தன்னாலயா பரவும், அதுக்குப் பாதை இருக்கா என்று. அதைத்தான் நாங்களும் தேடுறம் என்றேன். பேட்டைத் தூக்கிப் பதினொன்றை எடுத்துத் தந்தார். பேடு எனக்கு நல்ல கொத்து ஒன்று தந்தது.

"ஒண்டு அதுக்குக் கிடக்கட்டும். வெறுங்கூட்டால எழும்பப்படா. எல்லாம் முடிஞ்சா நேர வந்து சொல்லு, போன்ல வேணாம்."

டிசம்பர் 2

பதினொரு ஜன்னல். இந்தத் தரம் மூச்சு விடவும் பயந்து வெட்டினேன். கலங்களை வைத்தாயிற்று.

டிசம்பர் 5

நாற்பது நிமிசம் கரண்ட் இல்லை. அடைகாக்கும் பெட்டிக்கென்று டடா பஸ் பற்றரி ஒன்றைத் தோளில் சுமந்து வந்தார்.

டிசம்பர் 8

பிடிச்சிட்டு! எட்டு முட்டையில் கட்டி, மிளகளவு. சுற்றியிருக்கிற இரத்தக்குழாயெல்லாம் அதன் பக்கம் கிறுகித் திரும்பியிருக்கின்றன. கட்டி வளருது என்று துள்ளுகிற ஆள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சேரும் துள்ளினார், ஆனால் சத்தமில்லாமல்.

டிசம்பர் 9

பதினான்காம் நாள். நிறுத்தினோம். குஞ்சுகளுக்கு இறகு முளைத்திருந்தது. போன தரம் பூஞ்சணத்துக்குத்தான் அழுதேன், இந்தத் தரம் இதுக்கு.

டிசம்பர் 12

நுணுக்குக்காட்டியில் தெரிந்தது. கட்டிக் கலங்கள் சவ்வின் எல்லையைத் தாண்டி, இரத்தக்குழாய் ஓரமாக வரிசையில் போகின்றன. பாதை இருக்கு அக்கா.

டிசம்பர் 16

குழுவில் ஒரு பேராசிரியர், அது என்ன பதினொன்று, பன்னிரண்டு வைத்திருக்கலாமே என்றார். ஒன்று கோழிக்கு என்றேன். சிரித்தார்கள். இரண்டு வருசம் நீட்டிப்பு!! நோறா அன்ரிக்குத்தான் முதல் போன். கேக்கும் சாப்பிட்டேன், மூன்று துண்டு.

டிசம்பர் 18

கேக்கோடு கரடியனாறு. எட்டுப் பிடித்தது, பாதை தெரிந்தது என்று சொல்லிப் படத்தைக் காட்டினேன். அன்னக்கா போனைத் தூரப் பிடித்து, கிட்டப் பிடித்துப் பார்த்தார். சேவல் எத்தனை பேடு எத்தனை என்று கேட்கவில்லை.

வாசலில் இரண்டு கூடை இருந்தது. ஒன்றில் முட்டைகளுக்குக் கரியால் குறுக்குக்கோடாகப் புள்ளடி போட்டிருந்தார். "மற்றது குஞ்சுக்கு. கரி போட்டது உன்ட கட்டிக்கு. மாத்தி எடுத்திராத."

முற்றத்தில் கறுத்தப் பேட்டின் பின்னால் ஒரேயொரு மஞ்சள் குஞ்சு ஓடித் திரிந்தது. முந்தநாள் பொரிச்சதாம்.

"உன்ட கொப்பில இதையும் எழுது" என்றார்.

ஆய்வுக் கொப்பில் பதினொரு வரிசையோடு முடிந்திருந்த அட்டவணையின் கீழ் இன்றைக்கு எழுதினேன்: 12. பொரித்தது. தாயோடு இருக்கிறது.