பிடிக்கலாம், விட முடியாது

தண்டலே,

இன்று காலை ஸ்டேஷனில் ரைட்டர் ஒரு மூட்டைக்கு அரக்கு உருக்கி முத்திரை வைத்தார். அந்த வாடை மூக்கில் ஏறியதும் எழுந்து வெளியே போய்விட்டேன். உம்மைக் கல்லறைக்குக் கொண்டுபோய்ப் பதினோரு நாள் ஆகிறது. இருந்தபோது பேசாததை இனி யாரிடம் பேச? உம்மிடமேதான்.

கொழும்பில் கடை வைத்திருந்த என் தம்பிக்கு உடன்குடிக் கருப்பட்டியை எத்தனை நடை நீர் தண்டலாய் ஓட்டிய தோணியில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறீர்! "ஏட்டையா, உங்க தம்பி அழுதது கருப்பட்டிக்கா அண்ணனுக்கான்னு தெரியல" என்று கேலி பேசுவீர். போலீஸ்காரனை நம்பிப் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்த ஒரே கடற்காரர் நீர்தான். நம்பாமல் இருந்திருக்கலாம்.

யுத்தத்தால் ஊரில் குளிர்க்காய்ச்சலுக்கான கொய்னா மாத்திரை கிடைக்காமல் போன வருஷம் அது. நீர் கொழும்புக்குப் பாய் விரித்துப் புறப்படும்போதே உம் வீட்டுக்காரி அந்தோணியம்மாள் குளிர்க்காய்ச்சலில் கிடந்தாள். அங்கே ஒரு தோட்டத்து டாக்டரின் கையைக் காலைப் பிடித்து ஒரு சின்ன டப்பா மாத்திரை வாங்கி வந்தீர். கரையில் இறங்கியதும் முதலில் என்னிடம்தான் காட்டினீர். அந்த நேரம் பார்த்து எதிரே கஸ்டம்ஸ் ஆபீசர் வந்தார். கறாரான மனிதர் என்று பேர். தீர்வை கட்டாத சரக்குக்காகத் தோணியையே முடக்கிவிடுவார் என்று பயந்து டப்பாவை உம் கையிலிருந்து பறித்தேன்.

"எங்கிட்ட குடும் வே. போலீஸ் பிடிச்சதா இருக்கட்டும். சாயங்காலம் நானே வீட்டுல கொண்டாந்து தாரேன்."

"சரி, ஏட்டையா" என்றீர். அவ்வளவுதான். ஆபீசரிடம், "சந்தேகப் பொருள், நான் பிடிச்சிட்டேன்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். எனக்கு ஒரே மிதப்பு.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். "கடல்வழி வந்த சரக்கா? அப்போ கஸ்டம்ஸுக்குத்தான் போகணும். நாம பிடிக்கலாம், விட முடியாது. பிடிச்ச விவரத்தை மகஜர் எழுதி அரக்கு வச்சு அனுப்பும்" என்றார். காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். ஆபீசரே பார்த்துவிட்டார், இனி மறைத்தால் என் உடுப்பும் போகும், உம் தோணியும் போகும் என்றார்.

முத்திரை வைத்த டப்பாவோடு கஸ்டம்ஸ் ஆபீசுக்கு ஓடினேன். அதே ஆபீசர். விஷயத்தைக் கேட்டுவிட்டு டப்பாவின் அரக்கைத் தடவிப் பார்த்தார். "நேரா எங்கிட்ட சொல்லியிருந்தா தீர்வை போட்டு அப்பவே விட்டிருப்பேனே ஏட்டு. போலீஸ் மகஜரோட வந்தப்புறம் கேஸ் ஆயிட்டு. மேல இருந்து உத்தரவு வராம இதை உடைக்க எனக்கும் அதிகாரம் இல்ல."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. இருபது வருஷ சர்வீஸில் என் அதிகாரம் எந்த இடத்தில் முடிகிறது என்று ஒரு நாளும் நான் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை. உடுப்பைப் போட்டால் எல்லாம் நம் கையில் என்ற நினைப்பு. அந்தோணியம்மாள் நாலாம் நாள் போய்விட்டாள்.

உத்தரவு மறு மாதம் வந்தது. கையெழுத்துப் போட்டு டப்பாவை வாங்கிக்கொண்டு நேரே ஸ்டேஷனுக்கு வந்து என் மேஜையில் வைத்தீர். "நல்லதுக்குத்தான் செஞ்சிய. இங்கன யாருக்காவது காய்ச்சல் வந்தா வச்சுக்கிடுங்க." ஒரு வசவு வைதிருக்கக் கூடாதா, வே?

இப்போது வெள்ளைக்காரன் போய்விட்டான். சட்டம் அப்படியே இருக்கிறது. காலையில் முத்திரை வைத்த மூட்டையும் கஸ்டம்ஸுக்குத்தான் போகிறது. அதில் யார் வீட்டு மருந்தோ, எனக்குத் தெரியாது. கேட்டாலும் என்னால் ஆவது ஒன்றுமில்லை.

ஒன்றை மட்டும் உம்மிடம் மறைத்துவிட்டேன். அடுத்த ஐப்பசியில் எனக்குக் குளிர்க்காய்ச்சல் கண்டது. ஊரில் வேறு மருந்தில்லை. அவளுக்கு வந்த மாத்திரையை நான் விழுங்கினேன். ஆறு நாளில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். உடம்பு தேறியதைக் கேட்டு நீர் ஒரு சீப்புப் பழத்தோடு பார்க்க வந்தீர். எந்த மருந்தில் குணமானது என்று நீர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.