ஞானம் டீச்சரின் நிபந்தனை

சங்கரன்கோவில், ஞாயிறு இரவு.

இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. சாயங்காலம் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் சாமுவேல் சார் வீட்டுக்குப் போயிருந்தேன். இறந்தபின் தன் மூளையை எங்கள் மறதிநோய் ஆராய்ச்சிக்குத் தருவதாக அவரே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். சார் சம்மதத் தாளில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்ததும் அவர் மனைவி ஞானம் டீச்சர் அழுதுவிட்டார்.

"உயிர்த்தெழுதல் அன்னைக்கு ஆண்டவர் முன்னால மூளையில்லாமலா போய் நிப்பிய?"

"இப்பவே எனக்கு மூளை இல்லன்னுதான சொல்லுத?" என்றார் சார். டீச்சர் சிரிக்கவில்லை.

ஆராய்ச்சியை நடத்தும் வெளிநாட்டுக் குழுவின் விதிப்படி சாரின் சம்மதம் மட்டும் போதும். ஆனால் பக்கத்தில் ஒருவர் அழும்போது கையெழுத்து வாங்க எனக்கு மனம் வரவில்லை. "இன்னைக்கு வேண்டாம் சார்" என்று தாளைப் பையில் வைத்தேன்.

"என் தலைக்கு நான்தாம்மா சொந்தக்காரன்" என்று கோபப்பட்டார். அதுவும் நியாயம்தான்.

டீச்சர் உள்ளே போய்க் காப்பி போட்டுவந்தார். நான் கிளம்பியபோது வாசல்வரை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யோசிச்சுப் பாத்தேன் மக்கா. மண்ணோட மண்ணாப் போனவங்களையே ஆண்டவர் எழுப்புவாரு. இதுவா அவருக்குக் கஷ்டம்? நானும் தாரேன். ஆனா ரெண்டு பேரு மூளையையும் பக்கத்துல பக்கத்துல வைப்பியளா?"

உள்ளேயிருந்து சார், "அங்கன வந்தும் என்னைத் திட்டவா?" என்று கத்தினார். டீச்சர் சிரிக்க ஆரம்பித்தார். மூன்று பேரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம்.

வைப்போம் என்று சொல்ல எனக்கு அதிகாரமில்லை. குழுவுக்கு இப்போதுதான் எழுதிக் கேட்டேன். அவர்களிடம் இதுவரை யாரும் இப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். விதியில் இடமில்லை என்றால் சண்டை போட்டாவது அனுமதி வாங்கிவிடுவேன். இரண்டு ஜாடி, ஒரே அலமாரி. இதைக்கூடச் செய்ய முடியாதா என்ன?