வட்டிலப்பத்தின் கூண்டில் கண்ட வெள்ளைக் கறை

பதுளை,
19.02.2025, புதன், காலை 9.40.

அன்பு மகள் ஸல்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் அருளால் நானும் உம்மாவும் இங்கே சுகம். மெல்பனில் நீயும் மருமகனும் பேத்தி நூருல் இனாயாவும் அவ்வாறே இருக்க துஆச் செய்கிறோம். உம்மா கல்சியம் மாத்திரையைத் தினமும் விழுங்குவதாகச் சொல்கிறாள். எனக்கு நம்பிக்கையில்லை, ஆகவே வெற்று அட்டைகளை எடுத்து வைத்துச் சரிபார்க்கிறேன்.

அடுத்த வீட்டு ஸுலைஹாவைப் பற்றி ஜனவரி 16ஆம் திகதி நான் எழுதியதைத் திருத்தவே இக்கடிதம். இனாயா எம்மிடம் விட்டுச் சென்ற முயலின் கூண்டுத் தட்டில், ஜனவரி 14, செவ்வாய் காலை, சுண்ணாம்பு கரைத்து ஊற்றியதுபோல் வெள்ளைக் கறை கண்டேன்; காய்ந்ததைச் சுரண்டினால் பொடியாய் உதிர்ந்தது. ஸுலைஹாவின் கணவர் நடத்துவது உரக்கடை, தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் டொலமைட் என்ற வெள்ளைச் சுண்ணாம்புக்கல் பொடி மூட்டைகள் அங்கே அடுக்கிக் கிடக்கின்றன. கூண்டு நாறுகிறதென்று ஜனவரி 9இல் முறையிட்டவளும், தினமும் மதிலுக்கு மேலால் முயலுக்குப் புல் தருபவளும் அவளே. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்து, புல்லில் டொலமைட் தூவுகிறாள் என்று முடிவுகட்டி உனக்கும் எழுதினேன். அன்றே அவளுடைய புல்லை நிறுத்தி, நம் முற்றத்து முருங்கைக்கீரையை மட்டும் போட்டேன். தண்ணீர்த் தாங்கியையும் சந்தேகித்து, கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரைக் காலையும் மாலையும் ஒவ்வொரு சிறு கோப்பை வைத்தேன். வெளியே விட்டால் யாராவது எதையாவது கொடுப்பார்கள் என்று கூண்டையும் பூட்டினேன். பெப்ரவரி 7, வெள்ளி, ஜும்ஆ முடிந்து வந்து பார்த்தால், முயல் முதுகைக் கூனிப் பல்லைக் கடித்தபடி முக்கிக்கொண்டிருந்தது. சொட்டாய் வந்த சிறுநீர் பற்பசைபோல் தடித்திருந்தது. உடனே கால்நடை வைத்தியரிடம் கொண்டு ஓடினேன், ஸுலைஹாவுக்கு எதிரான ஆதாரமாக என் நாட்குறிப்பையும் எடுத்துக்கொண்டு. முயலின் பெயர் கேட்டார்கள்; இனாயா வைத்த இனிப்புப் பண்டத்தின் பெயரை, வட்டிலப்பம் என்று, எழுபத்தாறு வயதில் சொல்லவேண்டி வந்தது.

வைத்தியர் இளம்பெண், ஆதலால் முதலில் அவரையும் நான் நம்பவில்லை. எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார்: சிறுநீர்ப்பையில் கல் இல்லை, ஆனால் மணல்போல் கல்சியம் படிந்திருந்தது. மற்றப் பிராணிகள் தேவையான கல்சியத்தையே உடலில் ஏற்கும். முயலோ தின்றதில் பெரும்பகுதியை ஏற்று, மிஞ்சியதைச் சிறுநீரில் கழிக்கும். சற்றுக் கலங்கலாய்ப் போவது வழக்கமே, பசையாய்த் தடித்தால்தான் ஆபத்து என்றார். பிறகு என் நாட்குறிப்பைப் புரட்டி, ஐயா, குற்றவாளி பேரை நீங்களே பக்கத்துக்குப் பக்கம் எழுதி வச்சிருக்கீங்களே, முருங்கைக்கீரை என்று சிரித்தார். எலும்புக்கு நல்லதென்று உம்மாவுக்கு ஆய்ந்த கீரையில் டிசம்பர் 2 முதல் தினம் ஒரு கட்டு முயலுக்கும் போட்டது நான்தான். நிறையப் புல், எந்நேரமும் தண்ணீர், ஓடித் திரிய இடம் என்று அவர் சொன்ன மூன்றையும் நானே நிறுத்தியிருந்தேன்.

9ஆம் திகதி ஞாயிறு ஸுலைஹாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். நான் பாதியில் திரும்பிவிடுவேன் என்று உம்மாவும் கூடவே வந்தாள். றவூப் நானா, பொடி தூவ எனக்கு நேரமிருந்தா உங்க கூண்டு நாத்தத்துக்குத்தானே தூவியிருப்பேன் என்றாள் ஸுலைஹா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பின்னர் குரல் மாறி, வெள்ளிக்கு வெள்ளி முயலைக் காட்டச் சொல்லி என்னோட வீடியோவில பேசுற உங்க பேத்திப் புள்ள ஒரு மாசமா என் ஃபோன் கோல் எடுக்கிறதில்ல, அதுக்கு என்ன செய்யப் போறீங்க என்று கேட்டாள். மகளே, என் ஜனவரிக் கடிதம் செய்த வேலை அது.

மறுநாள் காலை மதிலின்மேல் புல்கூடை இருந்தது. அன்று ஒவ்வொரு புல்லாய் உதறிப் பார்த்தேன் என்பதை மறைக்கவில்லை. இப்போது பார்ப்பதில்லை. 15ஆம் திகதி முதல் தட்டில் வெள்ளையும் இல்லை.

இதை இனாயாவுக்கு வாசித்துக் காட்டு. என் பிழை வருமிடத்தில் குரலைத் தாழ்த்தாதே. தபாலை நம்பாமல் படமெடுத்துக் கைபேசிக்கும் அனுப்புகிறேன். நோன்புக்குமுன் வரும் 28ஆம் திகதி வெள்ளி, நம் நேரம் பகல் 1.45க்கு, ஸுலைஹா அழைப்பாள். இனாயா அழைப்பை எடுக்கவேண்டும். முயலை ஸுலைஹாவின் மடியில் நானே வைத்துவிட்டு அப்பால் நிற்பேன்.

அல்லாஹ் உங்கள் மூவருக்கும் நீண்ட ஆயுளையும், என்னிலும் நல்ல மனத்தையும் தருவானாக.

அன்புள்ள வாப்பா,
றவூப்.