போகும்போது அடிக்கும் மணி

நவம்பர் 3, 1998. செவ்வாய்

விட்டுவிட்டு மழை. வெட்கக்கேட்டை முதலில் எழுதித் தொலைக்கிறேன். சாயங்காலம் பாளை மார்க்கெட்டில், என் பலசரக்குக் கடை வாசலில், கார் சீட்டில் உட்கார்ந்து எம்பி எம்பிக் குதித்ததில் வேட்டி அவிழ்ந்துவிட்டது. வயது ஐம்பத்திரண்டு. கண்டவர்கள்: பக்கத்துப் பாத்திரக்கடை அண்ணாச்சி, அவரிடம் சீர்ப் பாத்திரம் எடுக்க வந்த ஒரு கல்யாண வீடு முழுக்க.

“என்னவே, காருக்குள்ள குதிரை ஓட்டுதீரா?” என்றார் அண்ணாச்சி.

காரணம் மணி. மச்சினன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து, திரும்பிப் போகும்போது என் தலையில் கட்டிய கார். ஓட்டுபவனுக்குப் பக்கத்து சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் டிங் டிங்கென்று ஒரு நிமிடம் அடித்து ஓயும். இந்த ஊரில் எவன் பெல்ட் போடுகிறான்? ஆவுடைக்கு வயிற்றில் கட்டி; பெல்ட் அழுத்தினால் வலி. அதனால் செவ்வாய்தோறும் ஐஸ் வண்டி மாதிரி மணியடித்துக்கொண்டுதான் புருஷனும் பெண்டாட்டியும் ஆஸ்பத்திரி போகிறோம்.

போன செவ்வாயும் இன்றும் போகும்போது அடித்தது. திரும்பும்போது அடிக்கவில்லை. நான் குதித்தால் அடிக்கிறது.

ஆவுடை எடை 38. அதற்குக் கீழே இறங்கினால் உடம்பு தாங்காது, ஊசியை நிறுத்திவிடுவேன் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இரண்டு வாரமாக அதே 38. நல்லது.

மல்லி மூட்டை வரவில்லை. போன் போட வேண்டும்.

நவ. 5. வியாழன்

வெயில். மேலப்பாளையம் காதர் வந்து சீட்டைக் கழற்றினார். காரில் கரண்டு சம்பந்தப்பட்ட எதுவும் அவர் கைதான்.

“அண்ணாச்சி, மெத்தைக்கு அடியில பாய் மாதிரி ஒண்ணு கெடக்கு பாருங்க. எடை விழுந்தா உள்ள தகடு ரெண்டும் ஒட்டும், மணி அடிக்கும். எடை காணலைன்னா ஆளே இல்லைன்னு கார் நெனச்சுக்கிடும்.”

அவர் சந்தேகங்கள்: மழை ஈரம், ஒயர், எலி. என் சந்தேகம்: மச்சினன்.

துடைத்து, ஒயருக்குப் புது டேப் சுற்றி மாட்டினார்.

கடையில் இரண்டு கிலோ படிக்கல்லும் ஒரு கிலோ படிக்கல்லும் செவ்வாய் காணாமல் போய், இரண்டு நாள் கழித்துத் தாமே வந்து உட்கார்ந்திருக்கின்றன. பாத்திரக்கடை அண்ணாச்சி பழைய பித்தளை நிறுக்க எடுத்துப்போகிறார் போல. கேட்டால் சண்டை. கேட்கவில்லை.

ஆவுடை அரை இட்லி.

நவ. 10. செவ்வாய்

மழை. போகும்போது அடித்தது. 38. ஊசி. திரும்பும்போது மௌனம்.

“ஏட்டி, கொஞ்சம் அழுத்தி உக்காரு.”

“சம்மணம் போட்டு முழுசாத்தான உக்காந்திருக்கேன். இதுக்கு மேல எங்கன அழுத்த? உங்க காருக்கு என்னைப் பிடிக்கல.”

சிரித்தாள். நானும்.

ஒயர் கூடையை நான்தான் தூக்கிப் பின்சீட்டில் வைத்தேன். வரும்போது கனம். ஆரஞ்சு வாங்கியிருப்பாள்.

நவ. 11. புதன்

காதருக்கு ரோஷம். ஆள் வேண்டாம், சரக்கை ஏற்றுவோம் என்றார். அரிசி 25 கிலோ: மௌனம். மேலே சீனி 10: மௌனம். துவரம்பருப்பு 1: மணி. இறக்கி, ஏற்றி, மார்க்கெட்டை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி. பத்துத் தடவையும் அதேதான்.

பாத்திரக்கடை அண்ணாச்சி: “பருப்பைக் கூட்டிக்கிட்டு எங்கவே, சினிமாவுக்கா?”

காதர்: “சென்சார்ல ஒரு பழுதும் இல்ல அண்ணாச்சி. முப்பத்தஞ்சுக்கு அடிக்கல, முப்பத்தாறுக்கு அடிக்கு. உங்க தராசை விடச் சுத்தம்.”

சிரித்தேன். அவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். “மதினி திரும்பி வரும்போதுதான் அடிக்கலன்னீங்க?” ஆமாம் என்றேன். சீட்டை மாட்டிவிட்டு, சொன்ன டீயைக் குடிக்காமல் போய்விட்டார்.

ஒரு மணி நேரத்தில் ஆஸ்பத்திரியில் யாருக்கும் எடை குறையாது.

கடைக்குப் பின்கட்டுதான் வீடு. ஆவுடை தூங்கிக்கொண்டிருந்தாள். கூடையில் துண்டுக்கு அடியில் ஒரு துணிப்பை, இடுப்பில் கட்ட நாடா வைத்துத் தைத்தது. உள்ளே இரண்டு கிலோக் கல், ஒரு கிலோக் கல். எதையும் கையில் தூக்கியே எடை சொல்வேன் என்று முப்பது வருஷமாகப் பீற்றல்.

38இல் 3 போக 35.

கடைக்கு வந்து சீனியை அதன் இடத்தில் வைத்தேன்.

நவ. 14. சனி

மல்லி வந்தது. ஈரம். திருப்பி அனுப்பவில்லை.

“கூடையைப் பாத்தியளோ?” என்றாள் ஆவுடை.

“பாத்தேன்.”

“டாக்டர்ட்ட சொல்லப் போறியளா?”

ஈர மல்லியைச் சாக்கில் பரப்பினேன்.

“ஊசியும் நின்னுட்டுன்னா செவ்வாக்கிழமை நாம எங்க போக?”



நவ. 17. செவ்வாய்

மழை இல்லை. காலையில் இரண்டு கல்லும் கல்லாப் பக்கத்தில் ஜோடியாக இருந்தன.

“எடுக்கலையாட்டி?”

“உங்க காரே காட்டிக் குடுத்துட்டு. இனி என்ன?”

மணி அடிக்காமல் போனோம். முதல்முறையாகப் பாலத்தில் ஆற்றின் சத்தம் கேட்டது. நல்ல தண்ணீர்.

ஆஸ்பத்திரித் தராசு, குண்டை நகர்த்திப் பார்க்கும் வகை. நர்ஸ் நகர்த்தினாள். நான் எட்டிப் பார்த்தேன், தொழில் புத்தி. முப்பத்தைந்து கிலோ நூறு கிராம். டாக்டர் பழைய சீட்டுகளைப் புரட்டினார். மூன்று கிலோ எங்கே என்று கேட்கவில்லை. “இப்ப ஊசி வேண்டாம். முதல்ல உடம்பு தேறட்டும்மா.”

காரில் ஏறி, சம்மணமிட்டு, பாலம் வரைக்கும் விரல் விட்டுக் கணக்குப் போட்டாள்.

“இங்கேருங்க. போன வாரம் கல்லோட முப்பத்தெட்டு. கல்லு மூணு. அப்போ நான் முப்பத்தஞ்சு. இன்னைக்கு முப்பத்தஞ்சே நூறு. நூறு கிராம் ஏறியிருக்கேன்! பைய ஏறிரும்னு தோணுது.”

ஆமாட்டி என்றேன். ராத்திரி முழு இட்லி சாப்பிட்டாள்.

அந்த இரண்டு கிலோக் கல்லின் அடியில் எடை சரிக்கட்ட ஊற்றியிருந்த ஈயத்தை நாலு வருஷத்துக்கு முன்னால் சுரண்டி எடுத்தது நான்தான். சரியாக நூறு கிராம்.