ஒன்பது ஞாயிறும் ஒரு டிஸ்க் டிரைவும்

புதன்கிழமை

அன்புள்ள கடுகுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமா என்று கேட்டுத்தான் மேலே போக வேண்டும், ஆனால் அதை வாரா வாரம் உன் அம்மா முக்கால் மணி நேரம் கேட்டுத் தெரிந்துகொண்டு எனக்கு அரை நிமிடத்தில் சொல்லி முடித்துவிடுகிறாள், அதனால் நீ சுகம் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நீ ஏற்பாடு செய்த கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர் நேற்று காலை பத்து பன்னிரண்டுக்கு வந்தார், பத்து நாற்பத்தைந்துக்குப் போய்விட்டார். டிஸ்க் டிரைவ் இப்போது நன்றாக ஓடுகிறது. என்ன கோளாறு என்பதை மாதக் கடைசியில் உனக்கு எழுதி அனுப்புவாராம். அந்தத் தாள் உன் கைக்குக் கிடைப்பதற்கு முன்னால் விஷயத்தை நான் சொல்லிவிட வேண்டும், அதற்குத்தான் இந்தக் கடிதம். பாதியில் கோபம் வரும். வந்தால் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மிச்சத்தையும் படி.

முப்பத்தொரு வருஷம் பஸ் டெப்போவில் டைம்கீப்பராக இருந்தவனுக்கு மணி பார்க்காமல் தும்மக்கூட வராது, உனக்குத் தெரியும். ரிட்டயர் ஆன பிறகு எந்த பஸ்ஸும் என் கையெழுத்துக்காக நிற்பதில்லை, அதனால் உன் போனைக் குறித்து வைக்க ஆரம்பித்தேன். டெப்போவில் மிச்சமான நோட்டு ஒன்று இருந்தது, அதில்தான். சிரிக்காதே. போன வருஷம் முழுக்கப் பார்த்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு உன் அம்மாவுக்கு நாற்பத்து மூன்று நிமிடம், எனக்கு இரண்டு. அந்த இரண்டிலும் என்ன, அப்பா நல்லா இருக்கீங்களா, மாத்திரை போட்டீங்களா, சரி அம்மாகிட்ட குடுங்க. அவ்வளவுதான். உன் அம்மா ஒயர் போகிற தூரத்துக்குப் போனை இழுத்துக்கொண்டு போய் சமையலறைக் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு அப்படிச் சிரிப்பாள். நான் முன்னறையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒரே வரியைப் பத்து தடவை படிப்பேன். வந்ததும் என்ன சொன்னாள் என்று கேட்டால், சும்மா பேசிக்கிட்டிருந்தோம் என்பாள். நாற்பத்து மூன்று நிமிடம் சும்மா! எனக்குப் பொறாமைதான் கடுகு, பூசி மெழுக ஒன்றும் இல்லை, கட்டின பெண்டாட்டி மேலேயே பொறாமை.

அப்படி இருக்கும்போதுதான் இந்த டிரைவ் மெதுவாயிற்று. நீ கிளம்பும்போது ஒரு பெட்டி நிறைய போட்டோ டிஸ்க் கொடுத்து, எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திடுங்கப்பா, டிஸ்க் ரொம்ப வருஷம் தாங்காது என்று சொல்லிவிட்டுப் போனாய் அல்லவா, ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு நிமிடம் ஆகும், நானும் தினம் ஒன்று இரண்டு என்று ஏற்றிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு டிஸ்க்கை எடுத்து டீ கிளாஸுக்கு அடியில் வைத்துவிட்டேன், மேஜையில் வட்டம் விழுகிறது என்று உன் அம்மா திட்டுவாளே, அதற்காக. கீறல் விழுந்துவிட்டது. அதைப் போட்டதும் டிரைவ் கரகரவென்று முனகியது, அதற்குப் பிறகு எந்த நல்ல டிஸ்க்கைப் போட்டாலும் ஐம்பத்தோரு நிமிடம். உன் அம்மா போனில் பேச்சுவாக்கில் இதைச் சொன்னாள். நீ உடனே, அப்பாவைக் கூப்பிடும்மா என்றாயாம். அவள் கதவைத் திறந்து, உங்களைத்தான் கேக்கறா என்று போனை நீட்டியபோது அவள் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும்.

அந்த முதல் ஞாயிறு முப்பத்தெட்டு நிமிடம். டிஸ்க்கை நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்கச் சொன்னாய், துடைத்தேன். ஹார்ட் டிஸ்க்கில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்கச் சொன்னாய். அடுத்த வாரம் பெட்டியின் பக்கத்தகட்டைக் கழற்றி உள்ளே அந்தப் பட்டைக் கேபிளை இரண்டு முனையிலும் அழுத்தச் சொன்னாய், அழுத்தினேன், கெட்டியாகத்தான் இருந்தது. மூன்றாம் வாரம் வைரஸ் பார்த்தோம். ஒவ்வொன்றுக்கும் நான் வாட்ச்சைப் பிடித்து நேரம் சொன்னேன், உங்களை மாதிரி டைம் எடுத்துச் சொல்ல எங்க ஆபீஸ்லயே ஆள் இல்லப்பா என்றாய். இதெல்லாம்கூடப் பெரிதில்லை. டிஸ்க் சுற்றிக்கொண்டிருக்கும்போது உனக்கும் எனக்கும் செய்ய வேலை எதுவும் இல்லை, போனையும் வைக்க முடியாது, அதனால் நீ பேசினாய். உன் மேலதிகாரி மூக்கை உறிஞ்சிக்கொண்டே திட்டுவது, கீழ்வீட்டுக்காரி உன் செருப்புச் சத்தத்துக்குக் குச்சியால் கூரையை இடிப்பது, எல்லாம் எனக்கு அப்போதுதான் தெரியும். மெதுவான மிஷின் இவ்வளவு நல்லது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

நாலாம் ஞாயிறு நீ கண்டுபிடித்துவிட்டாய். டிரைவுக்கு இரண்டு வழி இருக்கிறது, ஒன்று வேகமானது, ஒன்று மெதுவானது, டிஸ்க்கைப் படிக்கும்போது நாலைந்து தடவை தொடர்ந்து தப்பு வந்தால் கம்ப்யூட்டர் பயந்துபோய் மெதுவான வழிக்கு இறங்கிவிடும், அப்புறம் நல்ல டிஸ்க்கைப் போட்டாலும் தானாக மேலே ஏறாது என்று சொன்னாய். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாத கதைதானே என்றேன், ஆமாப்பா அதேதான் என்று சிரித்தாய். திரையில் எந்த ஜன்னலைத் திறப்பது, எந்த வரியை நீக்குவது, எப்போது அணைத்துப் போடுவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாய், கம்ப்யூட்டர் டிரைவைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்து வேகமான வழியிலேயே ஏற்றிவிட்டது. பன்னிரண்டு நிமிடம். நீ அங்கே கை தட்டினாய், நான் இங்கே தட்டினேன். அடுத்த ஞாயிறு எனக்கு எவ்வளவு தெரியுமா, ஒரு நிமிடம் ஐம்பது வினாடி. உன் அம்மாவுக்கு ஐம்பத்து நாலு.

அந்த ஒரு நிமிடம் ஐம்பது வினாடியில் நீ சொன்ன ஒரே சேதி என்ன என்று நினைவிருக்கிறதா? முந்தின நாள் முழுக்க அங்கே உன் ஊரிலேயே இருக்கும் உன் மாமனார் வீட்டில் இருந்தாய், அவருடைய கம்ப்யூட்டரைச் சரிசெய்து கொடுத்தாய், கீபோர்டு மாற்றினாய், ராத்திரி சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தாய். மாமா என்னை எங்க வீட்டு இன்ஜினியர்னு எல்லார்கிட்டயும் சொல்றாங்கப்பா என்றாய். நல்லதும்மா என்று சொல்லிவிட்டுப் போனைக் கொடுத்துவிட்டேன், ஆனால் எனக்கு வயிறு எரிந்தது. உன்னைப் படிக்க வைக்க இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்தவன் நான், எங்க வீட்டு இன்ஜினியர் என்று சொல்லிக்கொள்கிறவர் அவர். சம்பந்தி நல்ல மனிதர், குற்றம் சொல்ல ஒரு இடமும் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது. அவருக்கு நீ பக்கத்தில் உட்கார்ந்து பத்து மணி நேரம், எனக்குக் கடல் தாண்டி இரண்டு நிமிடம்கூட முழுசாக இல்லை.

இனி எழுதப்போவதுதான் உனக்குக் கோபம் வருகிற இடம். மறுநாள் திங்கட்கிழமை, உன் அம்மா முழங்கால் பயிற்சிக்குப் போனதும் நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். நீ சொல்லிக் கொடுத்த அதே ஜன்னலைத் திறந்தேன். வேகமான வழி இருந்த இடத்தில் மெதுவான வழியை என் கையாலேயே போட்டு, சரி என்பதை அழுத்தி, அணைத்துப் போட்டேன். ஐம்பத்தோரு நிமிடம் திரும்பி வந்தது. அடுத்த ஞாயிறு, மறுபடி அதே தொல்லைதாம்மா என்று உன்னிடம் சொன்னேன். நாலு ஞாயிறு, கடுகு. நீ பாவம் முதலிலிருந்து துடை, அழுத்து, பார் என்று வந்தாய். அந்த ஜன்னல்ல என்ன போட்டிருக்குன்னு படிங்கப்பா என்று கேட்டபோது, வேகமானதுதான் போட்டிருக்கிறது என்று கூசாமல் படித்தேன். இரண்டு நிமிஷம் முன்னாடி வந்ததா போட்டுக்குங்க சார் என்று டெப்போவில் எத்தனை பஸ் டிரைவர் கெஞ்சியிருப்பான், ஒருவனுக்கும் போட்டுக் கொடுத்தவன் இல்லை நான். நாற்பத்தொன்று, நாற்பத்தாறு, ஐம்பத்திரண்டு, நாற்பது என்று நோட்டில் எழுதிக்கொண்டு திருப்தியாக இருந்தேன். ஒன்பதாம் ஞாயிறு உன் குரல் சோர்ந்து கிடந்தது. மாமாதான் சொன்னாங்க, நேர்ல ஒரு ஆளை வெச்சுப் பாத்துடலாம்னு என்றாய். அதிலும் மாமா.

ரிப்பேர்காரர் வந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, வந்ததும் வராததுமாக நம் போனிலிருந்தே உன்னைக் கூப்பிட்டுப் பதினாலு நிமிடம் பேசினார், நடுவில் இரண்டு தடவை சிரிப்பு வேறு. என் வீட்டில், என் கண் முன்னால், முன்பின் தெரியாத ஒரு ஆளுக்குப் பதினாலு நிமிடம். அப்புறம் உட்கார்ந்து மூன்று நிமிடத்தில் அந்த ஜன்னலைத் திறந்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். சார், இது தானா இறங்கினது இல்ல, தானா இறங்கியிருந்தா நாம கேட்டது வேகமானதுன்னு மேல இருக்கும், ஓடறது மெதுவானதுன்னு கீழ இருக்கும், இங்க ரெண்டுமே மெதுவானதுன்னு இருக்கு, யாரோ கையால மாத்தி வெச்சிருக்காங்க, வீட்ல வேற யாரு தொடுவாங்க என்று கேட்டார். டீ கொண்டுவந்த உன் அம்மா அப்படியே நின்றுவிட்டாள். எனக்குத் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி ஆகிவிட்டது. மனிதர் புத்திசாலி, புரிந்துகொண்டார். கேபிள் லூசா இருந்துச்சுன்னு எழுதிடறேன் சார், இதுல என்ன இருக்கு என்று மெதுவாகச் சொன்னார். நானும் தலையாட்டிவிட்டேன்.

அவர் போன பிறகு உன் அம்மா எதிரில் வந்து உட்கார்ந்தாள். கத்துவாள் என்று பார்த்தேன், கத்தவில்லை. பொண்ணுகிட்ட பேசணும்னா பேச வேண்டியதுதானே, அதுக்கு எதுக்கு மிஷினைச் சீக்காளி ஆக்கறீங்க என்றாள். உனக்கென்ன, சொல்லுவாய் என்றேன். அப்போதுதான் அவள் அதைச் சொன்னாள். இரண்டு வாரத்துக்கு முன்னால் நீ அவளிடம் அழுதாயாம். இவ்வளவு படிச்சு, இதே வேலையில இருந்துக்கிட்டு, எங்க அப்பாவோட ஒரு டிரைவைச் சரிபண்ணிக் குடுக்க முடியலையேம்மா, மாமா வீட்டுது அரை மணியில முடிஞ்சுது, அப்பாவுது மட்டும் ஏன் வரலை, நான் எங்கயோ தப்பா சொல்லிக் குடுத்திருக்கேன் என்றாயாம். சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடாமல் அதைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறாயாம். இதைக் கேட்டதும் என் மனதில் முதலில் வந்தது என்ன என்று சொல்கிறேன், எனக்கே வெட்கமாக இருக்கிறது. இதையும் அவளிடம்தானே சொன்னாள், என்னிடம் சொல்லவில்லையே என்றுதான் முதலில் வந்தது. நீ அழுதது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

உறைத்த பிறகு இருக்க முடியவில்லை. கேபிள் என்று அவர் எழுதினால் நீ என்ன நினைப்பாய், இரண்டாம் வாரமே பார்க்கச் சொன்ன கேபிளை ஒழுங்காகச் சொல்லிக் கொடுக்கவில்லை என்று உன்னையே நொந்துகொள்வாய். ரிப்பேர்காரரைப் போனில் கூப்பிட்டு, கேபிள் எல்லாம் வேண்டாம், பார்த்தது எதுவோ அதையே எழுதுங்கள் என்றேன். பொண்ணுக்குத் தெரிஞ்சிடுமே சார் என்றார். தெரியட்டும் என்றேன். கடுகு, நீ நாலாம் ஞாயிறு சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கேபிள் கெட்டியாகத்தான் இருந்தது, டிஸ்க் சுத்தமாகத்தான் இருந்தது, நீ ஒன்றையும் விடவில்லை, தப்பாகச் சொல்லியும் கொடுக்கவில்லை. நீ சரிசெய்து கொடுத்ததை உன் அப்பா கெடுத்தான். மதியம் ஒழுங்காகச் சாப்பிடு.

டிரைவ் இப்போது பன்னிரண்டு நிமிடத்தில் ஓடுகிறது. இன்னும் முப்பத்து நாலு டிஸ்க் பாக்கி, இந்த வேகத்தில் சனிக்கிழமைக்குள் முடிந்துவிடும். அதற்குப் பிறகு உன்னைக் கேட்க என்னிடம் ஒரு கோளாறும் இல்லை. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ஏழாம் ஞாயிறு டிஸ்க் சுற்றிக்கொண்டிருந்தபோது, நீச்சல் பழகுவதாகவும் ஆழமான பக்கம் போகக் கால் நடுங்குவதாகவும் சொன்னாய். நேற்று உன் அம்மாவிடம், நீச்சல் என்ன ஆயிற்றாம் என்று சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டேன், எந்த நீச்சல் என்றாள். நான் எழுந்து வந்துவிட்டேன். என்ன நீச்சல், என்ன நீச்சல் என்று இன்னும் பின்னாலேயே வந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். இத்தனை வருஷத்தில் அவளுக்குத் தெரியாமல் எனக்கு மட்டும் தெரிந்தது அது ஒன்றுதான்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். சம்பந்திக்கும் சொல், சொல்லத்தான் வேண்டும். ஈரத்தலையோடு குளிர்காற்றில் வெளியே போகாதே, கதகதப்பாக உடுத்திக்கொள். நீயும் உன் வீட்டாரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், எடுத்த காரியம் எல்லாம் கைகூட வேண்டும். மறந்துவிடாதே, என் மேல் கோபம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டு என்னையே திட்டு. உன் அம்மாவிடம் சொல்லி அனுப்பாதே.

இப்படிக்கு,
உன் திட்டுக்குக் காத்திருக்கும்
அப்பா